அடுப்புச் சுவரும் அக்காவின் கம்ப்யூட்டரும்

உள்ளங்கை அளவுள்ள ஒரு விசிறி என்னிடம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற விசிறி. எத்தனை முறை துடைத்தும் இறக்கை இடுக்கில் கரி போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி எரிந்த புகைதான் மணக்கிறது. எம்பிலிப்பிட்டியவில் என் வாடகை அறையின் ஜன்னல் கட்டையில் கிடக்கிறது.

அது அக்காவுடையது. ஓப்பநாயக்கவுக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அவள் உதவியாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்கள் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். ஒரு பரீட்சையில் தேறினால் மடுவத்தின் பொறுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும், அவள் உதவியாளாகவே கிடக்கவேண்டியதுதான். பரீட்சை கம்ப்யூட்டரில். போனில் அது திறக்காது.

அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ எழுத்தைத் தட்டினால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டும். பிறகு அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் மறுபடி கொஞ்ச நேரம். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் திரிந்தவன். சாப்பாட்டுக் கடை, அரிசி ஆலை, நடுவில் கொஞ்சகாலம் போன் திருத்தும் கடை. ஸ்க்ரூ கழற்றத் தெரியும் என்பதால் வீட்டில் நான்தான் இன்ஜினியர். படங்களை அழித்தேன். வைரஸ் தேடினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். எதற்கும் அசையவில்லை. மழையில் பொலித்தீன் சுற்றி டவுனுக்குத் தூக்கிப்போனால், கடைக்காரர் அதை மேசைவிசிறிக்கு முன்னால் வைத்து ஓட்டிப் பார்ப்பார். சாயங்காலம் வரை நிற்காமல் ஓடும். "மேக்க ஹொந்தாய் மல்லி" என்பார் சிங்களத்தில், நன்றாகத்தானே இருக்கிறது தம்பி என்று. லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அன்றைக்கே நிற்கும். ஒருநாள் அதை வாசலில் வீசிவிடத் தூக்கினேன். அக்கா புருஷன், மச்சான்தான் பிடுங்கிக்கொண்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள்தான் வீட்டில் வைத்தே மூடியைத் திறந்தேன். உள்ளே கரியும் எண்ணெயும் சேர்ந்து பிசின்போல அப்பியிருந்தது. விசிறி நகரவே முடியாமல் நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அக்கா அதை அடுப்படியில், அடுப்புச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே சேலைத் துணியும் போர்த்தியிருந்தாள்.

"அடுப்புக்குப் பக்கத்துல எவளாவது கம்ப்யூட்டர் வைப்பாளா?" என்று கத்தினேன்.

"வாசப்பக்கம் இஸ்தோப்புல சாரல் அடிக்குது. படுக்கிற காம்பராவுல கூரைத் தகரம் ஒழுகுது. கட்டிலுக்கடியில வச்சா பூஞ்சணம் புடிக்குது. காஞ்ச சுவரு இது ஒண்ணுதான். நீயே சொல்லு, எங்க வைக்க?"

சுற்றிப் பார்த்தேன். மற்ற எல்லாச் சுவரும் ஈரம்தான். கரியைச் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அடை மழை. எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. துணியை எடுத்து, மூடியைக் கழற்றி அக்கா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பரா சித்தி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது.

"கூரையில பொகையக் காணோமே, யாருக்கு என்னாச்சு?"

"கம்ப்யூட்டருக்குத்தான் இழுத்துக்கிட்டு இருக்கு சித்தி, சத்தம் போடாதீங்க" என்றார் மச்சான்.

"நாசமாப் போறவனே, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு!" என்று திட்டிவிட்டுப் போனவள், கொஞ்ச நேரத்தில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள்.

கடைசிக் கேள்வியில் அது நின்றது. அக்கா மவுசிலிருந்து கையை எடுக்கவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. மச்சான் சுளகால் வீசினார். எவ்வளவு நேரமோ தெரியாது, அம்புக்குறி அசைந்தது. அவள் அனுப்பி முடித்தாள்.

தேறினாள். மடுவத்தின் சாவி இப்போது அவள் இடுப்பில். வேறு விசிறி வாங்கிப் போட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தேன். ஒழுகுகிற தகரத்தை மாற்றித் தரக் கேட்டு மச்சான் தோட்டத்து ஆபீசுக்கு நடந்துகொண்டே இருக்கிறார். போன வாரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். "மறுபடி நிக்குது தம்பி."

"திரும்ப அடுப்படியிலயா வச்சிருக்க?"

"இங்க மழை பேயுதுடா" என்றாள்.

ஜன்னல் கட்டையில் கிடந்த விசிறியை எடுத்துச் சுண்டிவிட்டேன். கறகறவென்று அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. சனிக்கிழமை இன்னொன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டும்.