சேவியர் அண்ணன் கடைசியாகப் போட்ட இஷ்யூ

சேவியர் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... நாளை ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் அடக்கம்.

உங்களில் சிலர் போனில் தமிழ் எழுத எங்கள் இலவச கீபோர்டைத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆறு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டது இரண்டே பேர். நானும், லகாட்டில் பிரிண்டர் ரிப்பேர் செய்துவந்த சேவியர் அண்ணனும்.

கோளாறு என்றால் எங்கள் இணையப் பக்கத்தில் வந்து எழுதுவீர்களே, அதுதான் இஷ்யூ. முன்பெல்லாம் "வேலை செய்யல" என்று ஒரே வரி வரும். எனக்கு மண்டை காயும்.

அதனால் நிரப்பித் தரும் படிவமாக ஒரு டெம்ப்ளேட் செய்தேன். என்ன போன், எந்த வெர்ஷன், எப்போதிலிருந்து... மொத்தம் பதினொரு கேள்வி.

ஈப்போ மாமாக் டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு அண்ணன் தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்தார். "என்னா தங்கச்சி, கவர்மெண்ட் போராங் மாதிரி இருக்கு லா! மனுசன் கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு வாரான், நீ அவன் பொறப்பு சூராட்ட கேக்குற."

கேள்விகளுக்குக் கடைசியில் ஒரு காலிப் பெட்டி சேர்த்தது அவர்தான். "வேற ஏதும் சொல்லணுமா?"

லூமுட் மீனவர் ஒருவர் அதில் தன் படகுக் கதை முழுக்க எழுதினார். எனக்கு எரிச்சல். அண்ணன் பொறுமையாகப் படித்து, போனைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் கீபோர்டு மறைகிறது என்று அந்தக் கதையிலிருந்தே கண்டுபிடித்தார்.

போன வருடம் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டேன். வெர்ஷன் நம்பர் இல்லாத இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும்படியும் செய்தேன்.

மாற்றம் கேட்டு ஒருவர் போடும் புல் ரிக்வெஸ்ட்டை இன்னொருவர் பார்த்துச் சம்மதித்தால்தான் மாற்றம் சேரும். அது எங்கள் வழக்கம். "உன் இஷ்டம் லா" என்று அண்ணன் சம்மதம் கொடுத்தார்.

எதற்கெடுத்தாலும் மெசேஜ் அனுப்புவார். "அண்ணே, எதா இருந்தாலும் இஷ்யூல போடுங்க, மெசேஜ்ல வந்தா மறந்துருவேன்" என்று ஒருநாள் கடுகடுத்தேன். அதற்கப்புறம் அனுப்பவே இல்லை.

மூன்று வாரமாக நான் போட்ட எதற்கும் அவர் சம்மதம் வரவில்லை. கோபத்தில் நானும் கூப்பிடவில்லை.

இன்று செய்தி கேட்ட பிறகு, மூடிக்கிடந்த இஷ்யூக்களைச் சும்மா புரட்டினேன். அவர் பெயரில் ஒன்று, மூன்று வாரத்துக்கு முந்தையது.

என்ன போன்? "பழைய மாடல்."

என்ன பிரச்சினை? "மூச்சு வாங்குது. நாளைக்கு ஆஸ்பத்திரியில வந்து படுக்கச் சொல்லிட்டாங்க. நேரம் இருந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போ தங்கச்சி."

எந்த வெர்ஷன்? அதைக் காலியாக விட்டிருந்தார்.

"விவரம் போதவில்லை, மூடப்படுகிறது." நான் எழுதிவைத்த பதில்தான். அவர் போட்ட அதே நிமிடத்தில் தானாக அவருக்குப் போயிருக்கிறது.

ஐயோ அண்ணே... தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேனே.

அந்தப் பெட்டியைத் திரும்பச் சேர்த்து இப்போதுதான் புல் ரிக்வெஸ்ட் போட்டேன். இன்னொருவர் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது என்று காட்டுகிறது. சம்மதம் தரக்கூடியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது அண்ணே.

நாளைக்கு வாரேன் அண்ணே.