ஒரு சுழி கூடிய தினை

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை, மாலை நாலே முக்கால் மணி. சித்தேரி மலைமேல் மேகம் இறங்கியிருந்தது; பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சொட்டு விழவில்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலத்தில் முதன்முதலாகத் தினை விதைக்க நினைத்து, பயிர்முறைப் புத்தகம் தேடி நூலகத்துக்குப் போயிருந்தேன். வாயால் கேட்டால் தப்பாகக் காதில் விழும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். முப்பத்து நாலு வருடம் பத்திரம் எழுதியவன். என் எழுத்தில் அவ்வளவு நம்பிக்கை.

அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. வீட்டில் தனியாக இருந்தேன். பதினோரு நாளுக்கு முன், தீப்பெட்டியில் நாலு குச்சி குறைகிறதே என்று மனைவியிடம் கேட்டேன். "குச்சிய எண்ணுறீங்க. என்னோட எத்தன வார்த்த பேசறீங்கன்னு ஒரு நாளாவது எண்ணியிருக்கீங்களா?" என்றவள், தீர்த்தமலைப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அக்கா வராது என்று அவன் சொல்லியனுப்பிவிட்டான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நூலகர் எடுத்துத் தந்த புத்தகத்தை அட்டைகூடப் பார்க்காமல் வாங்கி வந்து, வீட்டில்தான் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே தினைக்கொல்லை, பரண், கிளி விரட்டும் பெண். கிளிக்கு என்ன வைத்தியம் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளப் பென்சிலை எடுத்தேன். அவளோ கவணைக் கீழே வைத்துவிட்டு, பாதையில் அவன் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்திருக்கிறாள். கிளிகள் கதிரைத் தின்று தீர்க்கின்றன. எனக்குப் பதறியது. அடுத்த பக்கத்திலும் காதல்தான். மூட நினைத்தேன், முடியவில்லை. காத்திருப்பவளின் கோபம், வந்து நிற்பவனின் தடுமாற்றம் எல்லாம் யாரோ என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. ஒரே மூச்சில் இருபத்திரண்டு பாட்டுப் படித்தேன். அடுப்பில் களி அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் காலை நூலகரிடம், "தினை கேட்டா காதல் பாட்டக் குடுத்திருக்கீங்களே" என்று குறை சொன்னேன். அவர் என் சீட்டையே எடுத்துக் காட்டினார். 'திணை' என்று மூன்று சுழி போட்டிருந்தேன்.

"தானியத்துக்கு ரெண்டு சுழிங்க. மூணு சுழி போட்டா பழைய காதல் பாட்டோட வகை. பத்திரம் எழுதுன கைக்கு நான் சொல்லணுமா? குடுங்க, மாத்தித் தரேன்."

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்று புத்தகத்தோடு தீர்த்தமலை பஸ் ஏறினேன்.

மைத்துனன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "என்னங்க மாமா, எங்கூட்டுல எத்தன குச்சி இருக்குதுன்னு பாக்க வந்தீங்களா?"

மனைவி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்த ஒரு வார்த்தையும் வரவில்லை. புத்தகத்தைப் பிரித்து அந்தக் கிளிப் பாட்டையும் உரையையும் படித்தேன்.

"கதிரு பூராவும் போச்சா?" என்றாள்.

"பூராவும்."

"அவன் வந்தானா?"

"பாட்டுல சொல்லல."

"அடுத்தத படிங்க."

மூன்றாவது பாட்டு முடிந்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பையை எடுக்க எழுந்தாள்.

புத்தகத்தை அவள் திருப்பிக் கொடுக்க விடவில்லை. கடைசிப் பக்கம் முடிந்த அன்று, "மொதல்லருந்து படிங்க" என்றாள். தவணை முடிந்ததும் நூலகரிடம் போய், தர மனமில்லை என்று உள்ளதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே விலையைப் போல் இரண்டு மடங்கு கட்டச் சொன்னார். அறுபது தாண்டிய பிறகும் மனசு புதிதாக ஒன்றுக்குத் துள்ளும் என்று நான் தெரிந்துகொண்டதற்கு ஆன மொத்தச் செலவு, பத்தொன்பது ரூபாய்.