மாவு மிதக்கிறதா?

செம்பூரில் காலையில் எழுந்ததும் நான் முதலில் பசியாற்றுவது ஒரு கண்ணாடி ஜாடிக்கு. என் வயிற்றுக்கு அப்புறம்தான். ஜாடிக்குள் இருப்பது மாவும் தண்ணீரும் சேர்ந்து தானாகப் புளித்த கூழ். சவர்டோ என்கிற புளிப்பு ரொட்டிக்கு இதுதான் உறைமோர் மாதிரி, ஸ்டார்ட்டர் என்பார்கள். ஜாடியைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். மாவு அதைத் தாண்டி இரண்டு பங்காகப் பொங்க வேண்டும். ரொட்டிக்கடைக்குப் பின்னால் உள்ள இந்த அறையில் நான் தமிழில் பேசுவது இந்த ஜாடியோடு மட்டும்தான். ஊரில் யாராவது பார்த்தால் ஆளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள்.

இதற்கு முன் பன்னிரண்டு வருடம் தாராவியில் ஓர் இட்லி வீட்டில் இருந்தேன். நாங்கள் அவித்துக் கொடுப்பதை வாங்கிப் போய்த் தெருத்தெருவாக விற்பார்கள். ஒரே அறையில் ஆறு பேர், எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். படுக்க இடம் இல்லாமல் தினம் சண்டை போட்டோம். அந்தச் சண்டைக்கு இப்போது ஏங்குகிறேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதும் முதலாளி தொழிலை மூடினார், மற்ற ஐவரும் ஊருக்குப் போனார்கள். நான் சங்கரன்கோவிலில் இருக்கும் என் மனைவி செல்வியிடம், "ஒரு ரொட்டிக்கடையில கேட்டிருக்கேன். அது அமையலன்னா ஒரேயடியா வந்துருதேன்" என்றேன். "சரி" என்றாள். அந்த வாரமே வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டாள்.

ரொட்டிக்கடை மேடம் மராட்டிக்காரர். ஒரு மாதம் பழக்கிவிட்டு, இரண்டு நாள் புனே போகும்போது ஜாடியை என்னிடம் ஒப்படைத்தார். ஒரு தம்ளர் தண்ணீரில் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி மாவை விட வேண்டும். மிதந்தால் தயார், உடனே ரொட்டிக்குப் பிசையலாம். திரும்பி வரும்போது ரொட்டி சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு ஆள். தெளிவாகத்தான் சொன்னார்.

முதல் நாள் மாவு மூழ்கியது. போனில் "டூப் கயா, மேடம்" என்றேன். "பூக் லகா ஹோகா" என்றார். பசித்திருக்கும் என்று என்னைத்தான் விசாரிக்கிறார் என நினைத்து, நெகிழ்ந்துபோய், சாப்பிட்டுவிட்டேன் என்றேன். அவர் கேட்டது ஜாடியை. என்னை அப்படி யார் கேட்கப் போகிறார்கள்?

மாவும் தண்ணீரும் மறுபடி கொடுத்தேன். மறுநாள் ரப்பர் பேண்டைத் தாண்டி, மேலெல்லாம் குமிழியாகப் பொங்கி நின்றது. கரண்டியால் எடுத்து விட்டேன், மூழ்கியது. செல்விக்கு வீடியோ கால் போட்டு, இன்னொரு கரண்டி எடுத்துக் காட்டினேன்.

"என்னத்துக்கு அந்தக் கலக்கு கலக்குதிய?" என்றாள்.

அப்போதுதான் என் கையை நானே பார்த்தேன். இட்லி வீட்டில் தட்டில் ஊற்றுமுன் டிரம்மில் கையைவிட்டுக் கலக்கிய பழக்கம், கை தானாகவே செய்திருக்கிறது.

"வடைக்கு உளுந்த தண்ணியில போட்டுப் பாக்கோம்லா, அது மாதிரிதான். கலக்குனா உள்ள இருக்க காத்தெல்லாம் போயிரும். மேலாப்புல நோகாம எடுத்து விடுங்க."

அப்படியே செய்தேன். மாவு ஒரு முறை அமிழ்ந்து, மேலே வந்து நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தம்ளரை போனுக்கு நேராகப் பிடித்தேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளையடித்த சுவர் தெரிந்தது.

"மிதந்தா அங்கனயே இருப்பிய. முங்குனா வந்துருப்பிய. அப்படித்தான?"

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றாள். "போயி மாவப் பிசைங்க."

ரொட்டி நன்றாக வந்தது. வேலையும் இந்த அறையும் கிடைத்தன. தினமும் தம்ளரைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். "மிதக்குது" என்று பதில் வரும், வேறொன்றும் எழுத மாட்டாள். சில காலைகளில் கரண்டியை ஜாடிக்குள் விட்டதும், ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் போதுமே என்று தோன்றும். கரண்டியை அசைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு, மேலாக, நோகாமல் எடுத்து விடுவேன்.