ஜன்னி கொண்டுவந்த வெள்ளம்

குளச்சல் கடற்கரையில் பிறந்து, குவைத்தின் ஃபஹாஹீலில் நர்ஸாக வேலை பார்த்த சுபிஷாவுக்கு மேடை என்றால் உயிர். ஆனால் எங்கள் தமிழ் மன்ற நாடகங்களில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேஷம்தான். காரணம், வாயைத் திறந்தால் அவள் ஊர் தெரிந்துவிடுமாம். தெரிந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

2006இல் மன்றத்தின் நாடகப் பொறுப்பாளர் சேதுமாதவன் ஆபீஸ் வேலையாக இத்தாலிக்குப் போய், மூக்கு நீண்ட தோல் முகமூடிகளோடு திரும்பினார். பழங்காலத்தில் அங்கே பாதி முகத்தை மூடிக்கொண்டு, எழுதிவைத்த வசனம் இல்லாமல் சிரிப்பு நாடகம் போடுவார்களாம். அதில் கஞ்சக் கிழவன் பந்தலோனே. மலையிலிருந்து பிழைக்க வந்து அவனிடம் மாட்டிக்கொண்ட வேலைக்காரன் ஜன்னி.

"ஜன்னியா? அது காய்ச்சல் முத்தினா வாறதுல்லா சார்?" என்றாள் சுபிஷா.

அந்தக் கேள்விக்கே ஜன்னி வேஷம் அவளுக்குக் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை.

"மேடையில சுத்தமான தமிழ்தான். ஒரு வார்த்தை உங்க ஊர் பாஷை வந்தாலும் அடுத்த வருஷம் வேஷம் கிடையாதும்மா."

இத்தாலி ஜன்னி தன் ஊர்ப் பேச்சில்தான் வெளுத்து வாங்கினான் என்று சொன்னவரும் அவரேதான். ஊருக்குத்தான் உபதேசம்.

நாடகத்தன்று பந்தலோனேயாக நடித்த சென்னைக்காரர் பாலமுரளிக்குப் பாதியில் நிஜமாகவே புரையேறிவிட்டது. நர்ஸ் கை சும்மா இருக்குமா? முதுகில் தட்டிக்கொண்டே சுபிஷா கத்தினாள்.

"பயப்படாதியும்! இன்னா வெள்ளம் வருது!"

குமரிக்காரர்களுக்கு இன்னா என்றால் இதோ, வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சென்னைக்காரருக்கோ ஊரையே அடித்துக்கொண்டு போவது. இருமல் நின்றதும் பாலமுரளி பணப்பையைக் கட்டிக்கொண்டு நாற்காலிமேல் தாவினார்.

"வெள்ளமா? எங்கேருந்துடா வருது?"

"அடுக்களையிலேருந்து!"

"எவ்வளவுடா வருது?"

"ஒரு கிளாஸ்!"

பின்வரிசைக் குளச்சல்காரர்கள் எழுந்து விசிலடித்தார்கள். முன்வரிசைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திரை ஓரத்திலிருந்து சேதுமாதவன், "தண்ணீர்னு சொல்லு, தண்ணீர்!" என்று கையை ஆட்டினார். சுபிஷா அவரை ஒருமுறை பார்த்தாள். அடுத்த வருஷ வேஷம் போனால் போகட்டும் என்று அந்தக் கணத்தில்தான் முடிவு செய்திருக்க வேண்டும். பாலமுரளி பக்கம் திரும்பினாள்.

"குடிக்கிற வெள்ளம், ஓய்! உம்ம மெட்ராஸ்ல அதுக்கும் லாரி வரணும்லா!"

அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் அசல் குளச்சல். கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாடகம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றாள். ஓரத்தில் நின்று கத்தித் தொண்டை கட்டிப்போன சேதுமாதவன் அவளெதிரே வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷமும் நீதாம்மா ஜன்னி" என்றார். "இப்ப எனக்குக் குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கிடைக்குமா?"

"ஒரு கிளாஸ் போதுமா சார்?" என்றாள் சுபிஷா.