முதல் பக்கத்திலேயே கொலைகாரன்

காவிரிப் பாலத்தில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் டவுன் பஸ் நின்றுவிட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. மடியில் இருந்த இங்கிலீஷ் நாவலில் இருநூறு பக்கம் தாண்டியாயிற்று. பதினேழு தடவை டீ கொண்டுவந்து வைத்த வேலைக்காரி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள்ளேயே கொலை. துப்பறிகிறவர் பாதிரியாரைக் கேட்கிறார், டாக்டரைக் கேட்கிறார், விட்டால் தோட்டத்து ரோஜாவையும் விசாரிப்பார் போலிருக்கிறது. எல்லார் அறைக்கும் போய்வருகிற ஒருத்தியை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டில் எது நடந்தாலும் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்த மாதம் நான் படித்த நான்காவது நாவல் இது. நான்கும் ஒரே அச்சு. ஒரு கிராமம், ஓயாத மழை, பெரிய வீடு, அதில் இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு கர்னல். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இவர் மட்டும் நம் காட்டில் புலி சுட்ட கதையை இன்னும் விட்டபாடில்லை. காதலைச் சொல்ல வந்தவன் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

பொறுக்காமல் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். நான் நினைத்த ஆள்தான்.

தெப்பக்குளத்துப் பக்கம் மாடியில் இருக்கும் எங்கள் வாடகை நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படித்தவர்கள் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் அபிப்பிராயம் எழுதலாம். எனக்கு இங்கிலீஷ் நாவல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். வேறெங்காவது கிறுக்கி உறுப்பினர் அட்டை பறிபோனால் கல்லூரிப் பாடப்புத்தகமே கதி. அது தெரிந்தும், பஸ் நகர்வதற்குள் பேனாவைத் திறந்து முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்: 'கொன்றது டாக்டர். நாற்பதாம் பக்கத்திலேயே தெரிகிறது. மிச்சமெல்லாம் டீ.'

புத்தகத்தைத் திறந்த நூலகக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, கொலைகாரனை வாசல்லயே கொண்டாந்து நிறுத்திட்டியே! இனிமே இதை யாரு எடுப்பா?"

அதே புத்தகத்துக்குப் பதினைந்து நாளாகக் காத்திருந்த ரயில்வே குமாஸ்தா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"போச்சு! டாக்டரா?"

"சுத்த மோசம் சார். ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுது," என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சா சரி. நாங்க நிதானமாத் தெரிஞ்சுக்கக் கூடாதா?" குமாஸ்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ்வளவு லேசுன்னா நீ ஒண்ணு எழுதும்மா. வர்ற சனிக்கிழமை இருபது பக்கம் கொண்டா. கொலைகாரன் யாருன்னு நான் கண்டுபிடிக்கலேன்னா, உன் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றேன்."

நூலகக்காரர் சிரித்தார். ஆனால் அட்டையை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

என் கதை நடப்பது திருவானைக்காவலில் ஒரு கல்யாண வீட்டில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள். சித்திரை வெயில், ஒரு சொட்டு மழை கிடையாது. கர்னலும் கிடையாது. முதல் வரியிலேயே பாத்திரம் தேய்க்கிறவள் பேச ஆரம்பிக்கிறாள். இவ்வளவும் மனதில் தயார். யார் கொன்றது என்பதுதான் எனக்கே பிடிபடவில்லை. அவளை வாயைத் திறக்கவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்; இருபது பக்கம் அவளைப் பேசவும் வைத்து, குமாஸ்தாவை ஏமாற்றவும் வேண்டும். நாளைக் காலை முதல் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கிறேன்.