கடற்கரையில் பூட்ஸ்

பிரேசர் டவுன் வீட்டில், அப்பாவின் அடக்கத்துக்காக அவருடைய பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. பாலிஷ் வாசனையில் சாந்தோம் கடற்கரைதான் ஞாபகம் வந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போய், பகல் முழுக்கக் கடலோரமாக நடந்துவிட்டுத் திரும்புவோம். நானும் அம்மாவும் அலையில் நனைவோம். அப்பா மட்டும் பூட்ஸோடு காய்ந்த மணலில் வருவார்.

"கழட்டுங்களேன், கடல் என்ன கடிக்கவா போகுது?" என்பாள் அம்மா.

"உப்புத்தண்ணி பட்டா தோல் வெடிச்சிடும். அப்புறம் ஆபீஸ்ல தொரை முன்னாடி எப்டி நிக்கிறது?"

"தொரை இங்க எங்க வந்தான்?"

ஒரே ஒருமுறை அப்பா சிரித்துக்கொண்டே குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தொட்டார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று நிமிர்ந்துவிட்டார்.

பூட்ஸ் பளபளத்தது. அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அப்பாவை வெறுங்காலோடு அனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்கப் போகிறேன்.