குதிகாலுக்கு வைத்த செங்கல்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்குள் ஆணி இறங்கும். பத்து அடி நடந்தால் குறையும். சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் இறங்கும். ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான். உடம்பில் எது வந்தாலும் என் மனசு நேராகக் கடைசிக்கே ஓடிவிடும். சர்க்கரை வந்துவிட்டது, காலை எடுத்துவிடுவார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை.

நாத்தனார்தான் வைத்தியம் சொன்னாள். "செங்கல்ல அடுப்புல சுட வெச்சி, மேல எருக்கன் எலையப் போட்டு, குதிகால வெச்சி வெச்சி எடு அண்ணி. ரெண்டே நாள்ல ஓடுவ பாரு."

வைத்து வைத்து எடு என்றுதான் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தே இருந்தேன். சூடு அதிகம் ஏறினால் சீக்கிரம் சரியாகும் என்று நினைப்பு. இலை வதங்கிப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

மூன்றாம் நாள் புண்ணிலிருந்து சீழ் வடிந்தது. அதன்மேல் மஞ்சளும் எண்ணெயும் அப்பிப் பழந்துணியைச் சுற்றினேன். சோறு பிசையும்போது கருவாடு ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு நாற்றம் வரும். ஈக்கள் தட்டை விட்டுக் காலுக்கு வந்தன. என் கால்தான், ஆனாலும் அதைத் தொட்ட கையால் சாப்பிட முடியவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். ஒடுகத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து பின்னால் போய்விட்டாள்.

டாக்டரம்மா ரத்தம் பார்த்தார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். நான் கத்தினேன்.

"சக்கரை இல்லம்மா. பாதத்துக்கு அடியில இருக்கிற தசைநாரு வீங்கியிருக்கு. வெறுங்கால்ல கல்லுத் தரையில நின்னு நின்னு வர்றது. மெத்துனு செருப்பு போடுங்க, வூட்டுக்குள்ளயும். காலைல எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி பாதத்துல துண்ட மாட்டி உங்க பக்கம் இழுங்க. கொஞ்சம் கொஞ்சமா கொறையும். ஆமா, இத இப்டி வேக வெச்சது யாரு?"

"நாந்தாங்க. கால எடுத்துருவீங்களா?"

"எடுக்க மாட்டோம். ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் மண்ணு படக்கூடாது."

மெத்துச் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது, மிதித்து மணி உதிர்க்கக் களத்தில் சாமைக் கதிர் பரப்பியிருந்தது. எங்கள் பக்கம் களத்தில் யாரும் செருப்போடு ஏற மாட்டார்கள்.

"கழட்டிட்டு வா அண்ணி, மெதிக்க ஆளு பத்தல," என்றாள் நாத்தனார்.

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கழற்றிவிட்டு ஏறினேன். நாலு அடிதான். டாக்டரம்மா போட்ட கட்டு சீழில் நனைந்து மஞ்சளாகியிருந்தது. அதில் பதரும் சாமையும் ஒட்டியிருந்தன. அந்தச் சாமை பானையில் கொதிப்பதையும் வீட்டில் எல்லோரும் அள்ளித் தின்பதையும் நினைத்தேன். ஒட்டியதை ஒன்று விடாமல் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு, இறங்கிச் செருப்பை மாட்டினேன்.

"நான் மெதிக்கலம்மா."

நாத்தனார் அப்போதுதான் கட்டைப் பார்த்தாள். "ஐயே! ஏறாத தாயே, அந்தச் சாமைய நாய் கூடத் துன்னாது!"

களமே சிரித்தது. நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். கால் என்னிடமே இருந்தது. அதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.